மலையகத்தில் மழையோடு சைக்கிள் பயணம்: எந்த அறிகுறிக்கு என்ன செய்வது

கண்டியில் புறப்பட்டு கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறி, அப்புறம் வெலிமடை, பண்டாரவளை, எல்ல என்று இறங்குகிற பயணத்தை நண்பர்கள் சேர்ந்து போனால் நான்கைந்து நாளில் நிதானமாக முடிக்கலாம். அதில் ஒரு நாளாவது மழை பிடித்துக்கொள்ளும். அந்த நாளுக்கான குறிப்புகள் இவை. முழுவதையும் வரிசையாகப் படிக்கத் தேவையில்லை. உங்களுக்கு நடப்பது எதுவோ அந்தத் தலைப்புக்குப் போங்கள்.

அதற்கு முன் ஒன்று. மழையில் ஏதோ சரியில்லை என்று பட்டவுடன் ஓரமாக நிறுத்தி, கோளாறு சைக்கிளிலா, ஓட்டுகிறவரின் உடம்பிலா, றோட்டிலா என்று பிரித்துப் பாருங்கள். "பிரேக் பிடிக்கல மச்சான்" என்று ஒருவர் சொல்லும்போது பல தடவை பிரேக் நன்றாகவே இருக்கும். விரல் விறைத்துப்போய் லீவரை இழுக்க முடியாமல் இருக்கும். அங்கே ஸ்பேனரை எடுத்து வேலை பார்ப்பது வீண்; அவருக்குத் தேவை சூடான தேத்தண்ணி.

பிரேக்கை இழுத்தும் சைக்கிள் ஓடிக்கொண்டே இருக்கிறது

ரிம் பிரேக் உள்ள சைக்கிள் என்றால் முதல் காரணம் தண்ணீர்தான். ரிம்மின் மேல் தண்ணீர்ப் படலம் இருக்கும்வரை ரப்பர் கட்டை அதைப் பிடிக்காது. சக்கரம் சில சுற்று சுற்றி, கட்டை அந்தத் தண்ணீரை வழித்து எடுத்த பிறகுதான் பிடி கிடைக்கும், அதுவும் சட்டென்று கிடைக்கும். பயந்துபோய் முழுப் பலத்தோடு இழுத்தவர் சறுக்கி விழுவது அந்த நொடியில்தான்.

செய்ய வேண்டியது இது. வளைவு கண்ணில் பட்டவுடனேயே இரண்டு பிரேக்கையும் மெல்லத் தொட்டு வையுங்கள், ரிம் துடைபடட்டும். வளைவுக்குள் நுழையும் முன்பே வேகத்தைக் குறைத்து முடியுங்கள். வளைவில் சாய்ந்திருக்கும்போது முன் பிரேக்கை அழுத்தவே கூடாது. றம்பொடைப் பக்கத்து வளைவுகள், எல்லவிலிருந்து இராவணா எல்ல நீர்வீழ்ச்சியைத் தாண்டி வெல்லவாய வரை ஏறத்தாழ 27 கிலோமீற்றருக்கு விழுகிற இறக்கம், இவற்றிலெல்லாம் மழை நாளில் வழக்கமான வேகத்தில் பாதிகூட வேண்டாம்.

பழைய சைக்கிள்களில் குரோம் பூசிய இரும்பு ரிம் இருக்கும். அது நனைந்தால் பிடி மிகவும் மோசம், எந்த ரப்பர் போட்டாலும் பெரிதாக மாறாது. அப்படிப்பட்ட சைக்கிளோடு வந்த நண்பர் செங்குத்தான இடங்களில் இறங்கி உருட்டிக்கொண்டு வரட்டும், மற்றவர்கள் கீழே நின்று காத்திருக்கட்டும். கூட்டமாக வந்த பிறகு ஒருவரை அவசரப்படுத்துவது நியாயமில்லை.

டிஸ்க் பிரேக் உள்ளவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. ஆனாலும் மழையில் மண் கலந்த தண்ணீர் பிரேக் பேடை (டிஸ்க்கை நெருக்கும் கட்டையை) வேகமாக அரைத்துவிடும். காலையில் பாதி இருந்த பேட் மாலையில் உலோகத்தோடு உலோகம் உரசுகிற நிலைக்கு வரலாம். நீண்ட இறக்கத்துக்கு முன் டோர்ச் அடித்துப் பாருங்கள். பேடின் தடிப்பு ஒரு மில்லிமீற்றர் அளவுக்கு வந்திருந்தால் மாற்றிவிட்டு இறங்குங்கள். நல்ல டிஸ்க் பேட் மலையகத்தின் சின்ன நகரங்களில் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். ஆளுக்கு ஒரு சோடி பையில் இருக்கட்டும்.

லீவர் ஹேண்டில் பார் வரைக்கும் வந்துவிடுகிறது

கட்டை தேய்ந்திருக்கிறது, அல்லது கேபிள் தளர்ந்திருக்கிறது. கேபிள் லீவருக்குள் நுழையும் இடத்தில் கையால் திருகக்கூடிய ஒரு குமிழ் இருக்கும். அதை இடப்புறமாக ஒன்றிரண்டு சுற்று வெளியே எடுத்தால் கேபிள் இறுகும். முழுவதும் வெளியே வந்தும் போதவில்லை என்றால் கேபிளைப் பிடித்திருக்கும் நட்டைத் தளர்த்தி, இழுத்து, மறுபடி இறுக்க வேண்டும். கட்டையிலுள்ள கோடுகள் மறைந்திருந்தால் இந்த வேலையெல்லாம் தற்காலிகம்தான், கட்டையை மாற்றுங்கள்.

பிரேக் கரகரவென்று சத்தம் போடுகிறது

ரிம் பிரேக்கில் கரகரப்பு என்றால் மணலோ, ரிம்மிலிருந்து உரிந்த அலுமினியத் துணுக்கோ ரப்பரில் பதிந்திருக்கிறது. அதை விட்டு வைத்தால் ரிம் அரைபடும். ஊசியாலோ கத்தி முனையாலோ தோண்டி எடுத்து, ரிம்மைத் துணியால் துடையுங்கள்.

டிஸ்க் பிரேக் மழையில் கீச்சிடுவது சாதாரணம், ஒன்றிரண்டு பிரேக்கில் சூடானதும் அடங்கும். அடங்காமல் கத்துகிறது, பிடியும் குறைந்திருக்கிறது என்றால் செயினுக்கு விட்ட எண்ணெய் டிஸ்க்கில் பட்டிருக்கும். சர்ஜிக்கல் ஸ்பிரிட் தோய்த்த துணியால் டிஸ்க்கைத் துடைத்து, பேடை அரத்தாளில் லேசாகத் தேயுங்கள். அப்படியும் பிடி வரவில்லை என்றால் அந்தப் பேடை நம்பி இறங்க வேண்டாம்.

கை விறைக்கிறது, உடம்பு நடுங்குகிறது, ஒருவர் பேச்சைக் குறைத்துவிட்டார்

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இந்த அறிகுறிதான். வெப்ப நாட்டில் குளிரால் என்ன ஆகிவிடப்போகிறது என்ற நினைப்பில் யாரும் இதைக் கவனிப்பதில்லை. கண்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர், நுவரெலியா 1,868 மீற்றர். ஒவ்வொரு 100 மீற்றர் ஏற்றத்துக்கும் வெப்பநிலை அரைப் பாகையைவிடக் கொஞ்சம் அதிகமாகவே குறையும். கண்டியில் வேர்த்துக்கொண்டு புறப்பட்டவர் நுவரெலியா மேட்டில் எட்டுப் பாகை குறைந்த காற்றில் நனைந்து நிற்கிறார். ஏறும்போது உடம்பு வேலை செய்வதால் குளிர் தெரியாது. ஹக்கல பக்கம் இறங்கத் தொடங்கியதும் கால் வேலை செய்யாது, காற்று மட்டும் நனைந்த உடுப்பில் அடிக்கும். பத்து நிமிடத்தில் விரல்கள் மரத்துப்போகும். மரத்த விரலால் பிரேக் பிடிக்க முடியாது.

நடுக்கம் ஆரம்பக் கட்டம். அதற்கு அடுத்த கட்டம்தான் ஆபத்து: பேச்சு குழறும், கேட்டதற்கு ஒற்றைச் சொல்லில் பதில் வரும், நடை தடுமாறும், "எனக்கு ஒண்ணும் இல்ல, நீங்க போங்க" என்பார். அப்படிச் சொல்கிறவரைத் தனியே விட்டுவிட்டுப் போகவே கூடாது. நடுங்கிக்கொண்டிருந்தவர் உடம்பு சூடாகாமலேயே நடுக்கத்தை நிறுத்திவிட்டார் என்றால் அது தேறியதற்கு அடையாளம் இல்லை, நிலைமை மோசமாகிறது என்று அர்த்தம். உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்கு அழையுங்கள்.

அந்தக் கட்டத்துக்குப் போகாமல் தடுக்க: முதலில் காற்றிலிருந்து விலகுங்கள். பஸ் நிறுத்தம், கோயில் மண்டபம், தோட்டத்தின் கொழுந்து மடுவம் (பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகை), எதுவானாலும் சரி. மடுவத்தில் ஆள் இருந்தால் "அண்ணே, மழை விடுற வரைக்கும் கொஞ்சம் நிக்கட்டுமா" என்று கேளுங்கள். மலையகத்தில் மழையில் நனைந்து வந்தவரைப் போகச் சொல்வதை நான் கண்டதில்லை. நனைந்த மேலுடுப்பைக் கழற்றி, தலையைத் துடைத்து, காய்ந்த உடுப்பைப் போடுங்கள். ஈரத்துக்கு மேல் ஜெக்கட் போட்டு மூடுவதால் பயனில்லை. சீனி தூக்கலாகப் போட்ட இஞ்சி பிளேன்டீ, கூடவே ரொட்டியோ பணிஸோ ஏதாவது சாப்பாடு. உடம்பு தன் சூட்டைத் தானே உண்டாக்கச் சாப்பாடு வேண்டும். சாராயம் வேண்டாம். குடித்தவுடன் சூடாகத் தோன்றுவது தோலுக்கு இரத்தம் வருவதால்தான். உள்ளே இருந்த சூடு அந்த வழியாக வெளியே போய்விடும்.

மேட்டில் நின்று இறங்கப் புறப்படும் முன் ஒரு பழைய பத்திரிகையை நெஞ்சுப் பக்கம் உடுப்புக்குள் செருகிக்கொள்ளுங்கள். காற்றை நன்றாகத் தடுக்கும். கையுறை இல்லை என்றால் கடையில் இரண்டு சொப்பிங் பேக் வாங்கிக் கையில் மாட்டி, மணிக்கட்டில் ரப்பர் பேண்ட் போடுங்கள். லீவரில் வழுக்குகிறதா என்று நின்ற இடத்திலேயே ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். கொழுந்து பறிக்கும் பெண்கள் மழையில் இடுப்பைச் சுற்றிப் படங்கு (தார்ப்பாய்) கட்டிக்கொண்டு வேலை செய்வதைப் பார்த்திருப்பீர்கள். மழையைவிட ஈரத்தோடு சேர்ந்த காற்றுதான் உடம்பை வாட்டும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

செயின் கீச் கீச் என்கிறது

மழை எண்ணெயைக் கழுவிவிட்டது. துணியால் செயினைத் துடைத்து, ஒவ்வொரு கண்ணியிலும் உட்பக்கமாக ஒரு சொட்டு விட்டு, பெடலைப் பின்னால் சுற்றி, வெளியே வழிந்ததை மறுபடி துடையுங்கள். வெளியே ஈரமாக விட்டால் மணல் ஒட்டும்.

சைக்கிள் எண்ணெய் தீர்ந்துவிட்டால் பலர் தேங்காய் எண்ணெயைத் தேடுவார்கள். கீழ்நாட்டில் அது ஒரு நாளுக்கு ஓடும். நுவரெலியாவில் உதவாது, தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறையத் தொடங்கிவிடும். குளிரில் வெள்ளையாகக் கட்டிப்பட்டு, மணலையும் பிடித்துக்கொண்டு செயினை இன்னும் மோசமாக்கும். தையல் மெஷின் எண்ணெய் கேளுங்கள், எந்தச் சின்ன ஊர்க் கடையிலும் இருக்கும். அது மெல்லியது என்பதால் மழையில் சீக்கிரம் போய்விடும், ஒவ்வொரு தேத்தண்ணிக் கடையிலும் மறுபடி விட வேண்டும். வழியில் கராஜ் இருந்தால் எஞ்சின் எண்ணெய் கொஞ்சம் வாங்கிக்கொள்வது இன்னும் நல்லது. தடிப்பானது, தண்ணீரில் அவ்வளவு சுலபமாகக் கழன்று போகாது.

கியர் தானாகத் தாவுகிறது

பின்பக்கச் சின்னப் பல்சக்கரங்களுக்குள் இலையும் புல்லும் சிக்கியிருக்கும். குச்சியால் எடுத்துவிட்டு தண்ணீர் போத்தலால் கழுவுங்கள். சரியாகவில்லை என்றால் கேபிள் உறைக்குள் மண் போயிருக்கிறது. அன்று இரவு பார்த்துக்கொள்ளலாம், பகலில் இரண்டு மூன்று கியரோடு சமாளியுங்கள்.

ஒட்டிய இடமே மறுபடி காற்றுப் போகிறது

ஈரமான டியூபில் பெட்ச் ஒட்டாது. சொலூஷன் போட்டு எவ்வளவு அழுத்தினாலும் ஓரம் கிளம்பிவிடும். மழையில் ஒட்டும் வேலையே வேண்டாம், புது டியூபைப் போட்டுவிட்டு பழையதை இரவு அறையில் காயவைத்து ஒட்டுங்கள். ஆளுக்கு இரண்டு டியூப் தேவை, ஒருவருடைய அளவு மற்றவருக்குப் பொருந்துகிறதா என்று புறப்படும் முன்பே பார்த்துவிடுங்கள்.

மழை நாளில் பங்சர் கூடுவது உங்கள் துரதிர்ஷ்டம் இல்லை. தண்ணீர் கண்ணாடித் துண்டையும் கூர்க் கல்லையும் வடிகாலிலிருந்து றோட்டோரத்துக்குக் கொண்டுவருகிறது, ஈர ரப்பரை அவை சுலபமாக வெட்டுகின்றன. எனவே டியூபை மாற்றும்போது டயரின் உட்புறம் முழுவதையும் துணியால் துடைத்துப் பாருங்கள். நூல் சிக்கும் இடத்தில் துண்டு இருக்கும். அதை எடுக்காமல் போடுகிற புது டியூபும் அடுத்த ஊருக்குள் போய்விடும். காற்றை வழக்கத்தைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைத்து அடித்தால் ஈர றோட்டில் பிடி கூடும். அதற்கு மேல் குறைத்தால் குழியில் விழும்போது ரிம் டியூபைக் கடிக்கும்.

நேராகப் போகும்போதே சக்கரம் வழுக்குகிறது

டயரைக் குற்றம் சொல்லும் முன் கீழே பாருங்கள். தண்டவாளம், இரும்பு மூடி, பாதசாரிக் கடவையின் வெள்ளைக் கோடு, மரநிழல் வளைவில் படிந்த பாசி, கொழுந்து லொறி தோட்டத்திலிருந்து றோட்டுக்கு ஏறும் இடத்துச் சேறு எல்லாமே மழையில் வழுக்கும். மலைப்பாதை ரயில் கடவைகளில் தண்டவாளத்தை நேர் குறுக்காகக் கடக்க வேண்டும். சாய்ந்து போனால் சக்கரம் இடுக்கில் இறங்கிவிடும். சந்தேகமாக இருந்தால் இறங்கி உருட்டுங்கள். பல நாள் வெயிலுக்குப் பிறகு பெய்யும் முதல் மழையில் பஸ் நிற்கும் இடங்களிலும் வளைவுகளிலும் டீசல் வானவில் நிறத்தில் மிதக்கும், அந்த முதல் அரைமணி நேரம் எங்காவது ஒதுங்கி நிற்பதே நல்லது.

முன்னால் போனவர் புகாரில் (மூடுபனியில்) மறைந்துவிட்டார்

அப்புத்தளையிலும் நுவரெலியாவைச் சுற்றியும் பிற்பகலில் புகார் ஐந்து நிமிடத்தில் றோட்டை மூடும். பின் விளக்கை எரியவிட்டு, இடது பக்கமாக ஒற்றை வரிசையில், ஒருவருக்கொருவர் பேச்சுக் கேட்கும் தூரத்தில் போங்கள். விளக்கு இல்லாதவர் நடுவில் வரட்டும். ஒடுக்கமான வளைவில் பஸ்ஸின் ஹோர்ன் கேட்டால் அது தாண்டும்வரை ஓரத்தில் நில்லுங்கள். டிரைவருக்கு உங்களைத் தெரிகிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது. அடுத்து எங்கே சந்திப்பது என்பதைக் காலையிலேயே ஊர்ப் பெயரோடு பேசி முடியுங்கள். "மேல பார்ப்போம்" என்று சொல்லிப் பிரிவது புகாரில் உதவாது.

போன் தொட்டால் வேலை செய்யவில்லை

ஈரத் திரை விரலை உணராது, துடைத்தால் போதும். சார்ஜ் செய்யும் துவாரம் நனைந்திருந்தால் காயும்வரை வயரைச் செருகாதீர்கள். ஊர்ப் பெயர்களை வரிசையாக ஒரு தாளில் எழுதி பொலித்தீனில் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள், சிக்னல் இல்லாத பள்ளத்தாக்குகள் இந்த வழியில் உண்டு.

உட்காரும் இடம் எரிகிறது, காலில் அட்டை

செயினுக்கு ஆகாத தேங்காய் எண்ணெய் தோலுக்கு நல்லது. குளிரில் உறைந்திருந்தால் களிம்பு மாதிரி நன்றாகப் பூசலாம். உரசும் இடத்தில் காலையிலேயே தடவுங்கள். மாலையில் நனைந்த காற்சட்டையோடு உட்கார்ந்து கதை பேசாதீர்கள்.

அட்டையை நெருப்பால் சுட வேண்டாம். வாய்ப் பக்கத்து ஓரத்தில் நகத்தைச் செலுத்தித் தள்ளினால் விட்டுவிடும். இரத்தம் உறையாமல் கொஞ்ச நேரம் வழிவது அதன் எச்சிலால்தான், கழுவித் துணியால் அழுத்திப் பிடியுங்கள்.

மேட்டிலிருந்து சின்னக் கல் உருண்டு வருகிறது. ஊற்றுத் தண்ணீர் கலங்கி வருகிறது

இதில் பழுது பார்க்க எதுவும் இல்லை, திரும்பிவிட வேண்டும். மண் வெட்டிய மேட்டுக்குக் கீழே நின்று மழைக்கு ஒதுங்குவதும் கூடாது. புதிதாக விழுந்த மண், றோட்டில் அல்லது நிலத்தில் வெடிப்பு, சாய்ந்த மரமோ மின்கம்பமோ, இதுவரை இல்லாத இடத்தில் ஊற்று, இருந்த ஊற்று திடீரென்று நிற்பது அல்லது சேறாக மாறுவது, இவையெல்லாம் மண்சரிவுக்கு முன் தெரியும் அடையாளங்கள்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக மண்சரிவு எச்சரிக்கை விடுகிறது: மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலை. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை தாண்டினாலே கவனிக்கத் தொடங்க வேண்டும், 150 தாண்டினால் சரிவுப் பகுதியை விட்டு வெளியேற வேண்டும். உங்கள் வழியிலுள்ள பிரிவுக்குச் செம்மஞ்சள் என்றாலே அன்று சைக்கிளை எடுக்காதீர்கள் என்பேன். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் எண் 117. றோடு திறந்திருக்கிறதா என்பதை அந்தப் பக்கமிருந்து வந்த த்ரீவீல்காரரிடமும் கேளுங்கள்.

2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களின் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளின்) மேல் மலை சரிந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையில் மலையகத்தின் பல இடங்களில் மண் சரிந்து பல உயிர்கள் போயின. இந்த மலைகளில் சுற்றுலா வருகிறவர்களுக்கு மழை ஒரு நாள் தொல்லை. லயத்தில் இருப்பவர்களுக்கு அது இரவெல்லாம் விழித்திருக்கும் கவலை. அவர்கள் "போக வேணாம் தம்பி" என்றால் தயவுசெய்து கேளுங்கள்.

றோட்டுக்குக் குறுக்கே தண்ணீர் ஓடினால் ஆழம் தெரியாமல் இறங்காதீர்கள். மலை ஓடை வேகமாக ஏறுவது போலவே வேகமாக வடியும், பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேரம் காத்திருந்தால் போதும்.

ஒருவர் போகலாம் என்கிறார், ஒருவர் நிற்கலாம் என்கிறார்

பலமுள்ளவரிடம் கேட்டால் "இன்னும் பத்துக் கிலோமீற்றர்தானே மச்சான்" என்பார். அவருக்கு அது உண்மைதான். ஆனால் முடிவை அன்று மிகவும் குளிர்ந்துபோனவரிடம் விடுங்கள், அவர் நிற்போம் என்றால் எல்லோரும் நிற்க வேண்டும். இதைப் பயணத்தின் முதல் நாளே, வெயிலில் இருக்கும்போதே பேசி ஒத்துக்கொள்ளுங்கள். நனைந்த பிறகு பேசினால் சண்டையாகிவிடும்.

எந்தப் பக்கம் மழை என்பதையும் பாருங்கள். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன், நுவரெலியா பக்கம் கொட்டும்போது ஊவாப் பக்கத்து வெலிமடையும் பண்டாரவளையும் பெரும்பாலும் காய்ந்து கிடக்கும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை பதுளை, எல்ல, அப்புத்தளைப் பக்கத்துக்கு வடகிழக்கு மழை. இடையிலுள்ள மார்ச், ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் காலை தெளிவாக இருந்து பிற்பகலில் இடி மின்னலோடு வரும், ஆகவே காலை ஆறு மணிக்குப் புறப்பட்டு ஒரு மணிக்குள் தங்குமிடம் சேருங்கள். இடி கேட்டால் திறந்த தேயிலை மலையிலும் தனி மரத்தடியிலும் நிற்காமல் கட்டடத்துக்குள் போங்கள்.

விட்டுவிடுவது என்று முடிவானால் பட்டா என்கிற சின்ன லொறி ஒன்றைப் பேசி நான்கு சைக்கிளையும் ஏற்றலாம். படங்கு போட்டதாகப் பாருங்கள். ரயிலில் போக நினைத்தால் நிலைய அதிபரிடம் முதலில் கேளுங்கள், மண் சரிந்தால் மலைப்பாதை ரயிலும் நிற்கும், சைக்கிளை ஏற்ற அந்த வண்டியில் இடம் இருக்கிறதா என்பதும் அவருக்குத்தான் தெரியும்.

இரவு, எதுவும் காயவில்லை

நுவரெலியாவில் கொடியில் போட்ட உடுப்பு காலையிலும் ஈரமாகவே இருக்கும். உடுப்பைக் காய்ந்த துவாயில் சுருட்டி, மேலே ஏறி மிதித்துப் பிழியுங்கள், பாதி ஈரம் போய்விடும். சப்பாத்துக்குள் பத்திரிகைத் தாளைக் கசக்கித் திணித்து, படுக்கும் முன் ஒரு தடவை மாற்றுங்கள். தங்குமிடத்தில் மட்டும் போடுகிற ஒரு சோடி உடுப்பைத் தனிப் பொலித்தீனில் கட்டி வையுங்கள், எவ்வளவு ஆசையாக இருந்தாலும் அதைச் சைக்கிளில் போடாதீர்கள். சீட்டைக் கழற்றி சைக்கிளைக் கவிழ்த்தால் குழாய்க்குள் போன தண்ணீர் வடியும். சீட்டின் உயரத்தை டேப்பால் அடையாளம் வைத்துவிட்டுக் கழற்றுங்கள். அப்புறம் பிரேக் கட்டைகளை ஒரு தடவை பார்த்து, செயினுக்கு எண்ணெய் விட்டுத் துடைத்துவிட்டுப் படுங்கள்.